கருப்பு கோயிலுக்கு வந்த சீனி

சீனி ஆலையிலேயே ஆயுசைக் கழித்த ஒரு பெண், சீனி போடாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். தேவியம்மாவை நான் முதலில் கவனித்தது அப்படித்தான்.

மொரீசியஸ் தீவு. தலைநகருக்கு வடக்கே, கரும்புக் காட்டை ஒட்டி அவர் வீடு. அதன் பின்பக்கத்து அறையில் நான் குடியிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு பக்கம் சேவுகம்பட்டி. ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவன். ஓரிடத்தில் தரித்திருக்கும் கால் எனக்கு வாய்க்கவில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், பாலக்காட்டில் புரோட்டா போட்டேன், மஸ்கட்டில் கம்பி கட்டினேன். மொரீசியஸுக்குக் கட்டட வேலைக்கென்று போனேன். போன இடத்தில் ஒப்பந்தக்காரர் ஒருநாள் காணாமல் போய்விட்டார். சம்பளம் நின்றது, தங்கியிருந்த கொட்டகையில் கரண்ட் நின்றது. வெளிநாட்டு வேலையில் இது நடப்பதுதான். அடுத்த வேலை கிடைக்கும்வரை தேவியம்மா வாடகை கேட்காமல் அந்த அறையைக் கொடுத்தார்.

பிறகு எனக்குக் கிடைத்த வேலை துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில். வெள்ளைக்காரன் காலத்துச் சீனிக் கம்பெனி ஒன்று கட்டியது. கருங்கல் சுவர். அதைக் கடைகளும் காபி ஓட்டலுமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஏறியிருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவது என் வேலை. மழை பெய்த மறுநாள் அந்தக் கல் இன்னமும் கரும்புப்பாகு வாடை அடிக்கும்.

கம்பெனியின் கதையை அங்கிருந்த காவலாளி கிரியோல் பாஷையில் சொன்னார். அது பிரெஞ்சு கலந்த தீவுப் பேச்சு. வேலையிடத்தில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி முதலில் சீனி செய்யவே இல்லையாம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த இரண்டு பேர் துறைமுகத்தில் கடை போட்டு, கப்பல்காரர்களுக்குக் கயிறும் பீப்பாயும் விற்றார்கள். பிறகு தோட்ட முதலாளிகளுக்கு முன்பணம் கொடுத்துச் சீனியாகத் திரும்ப வாங்கினார்கள். புயல் அடித்த வருடம் சீனி வரவில்லை, தோட்டமே கைக்கு வந்தது. தோட்டம் வந்ததும் ஆலை, ஆலை வந்ததும் சொந்தக் கப்பல். அடிமைகளை விற்பதும் வாங்குவதும் அதற்குள் நின்றுபோயிருந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. கப்பல் சென்னைப் பட்டணத்துக்கு வந்தது. அடித்தட்டில் அரிசி மூட்டை, அதன் மேல் பலகை, பலகையின் மேல் ஆட்கள். காவலாளி இதை அலமாரித் தட்டுகளைக் காட்டுவதுபோலக் கையை மேலே மேலே வைத்துக் காட்டினார். திரும்பும்போது சீனி. லண்டனுக்கும் போகும், சில கப்பல் சென்னைக்கே வரும்.

"ஆட்களும் அதே கப்பலில் திரும்பினார்களா?" என்று கேட்டேன்.

"சிலர்," என்றார். "சீனி எல்லாம் திரும்பியது."

பீட்ரூட் கிழங்கிலிருந்து சீனி எடுக்க ஐரோப்பாக்காரர்கள் கற்றுக்கொண்டதும் விலை விழுந்தது. கம்பெனி கப்பல்களை விற்றது, ஆலைகளை ஒன்றாக்கியது, பெயரை மாற்றிக்கொண்டது. சாகவில்லை. இன்று கடலோரக் கரும்புக் காட்டை மனை போட்டு விற்கிறது. மிச்சக் கரும்பில் தேன் நிறச் சீனி செய்து, சின்னப் பாக்கெட்டில் அடைத்து அதே ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது. அந்தப் பாக்கெட் ஒட்டும் பிரிவில்தான் தேவியம்மா வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

மாசி மாதம் அங்கேயும் சிவராத்திரி பெரிய விசேஷம். தீவு முழுக்கச் சனம் மலை ஏரிக்கு நடக்கிறது. தேவியம்மா வீட்டில் மட்டும் அந்த வாரம் இனிப்பு கிடையாது. டீயில் சீனி இல்லை, வருகிற பிள்ளைகளுக்கு மிட்டாய் இல்லை. "ஊருக்கெல்லாம் சீனி அனுப்பியவள் வீட்டில் சீனிப் பஞ்சம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சிரிப்பார். சிவராத்திரிக்கு மறுநாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கொல்லையில் மூன்று கல்லுக்கு முன்னால் உப்புப் போட்டுப் பொங்கல் வைத்திருந்தார். எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தார்.

அவருக்குத் தமிழ் வராது. ஏன் உப்பு என்று கிரியோலில் கேட்டேன். அம்மா அப்படித்தான் வைத்தாள், அவளுடைய அம்மாவும் அப்படித்தான், கருப்பு சாமிக்கு இனிப்பு ஆகாது என்றார். முதலில் கப்பலில் வந்தவர் பெயர் சங்கிலி. ஊர் திண்டுக்கல். சாமி கருப்பு. அவ்வளவுதான் குடும்பத்தில் மிஞ்சியது.

"நான் திண்டுக்கல்தான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை.

அவருடைய மகன்களில் ஒருவர் பிரான்சில், ஒருவர் ஆஸ்திரேலியாவில். மருமகள்களுக்குப் பொங்கல் தெரியாது. "எனக்குப் பின்னால் இது வெறும் மூன்று கல்," என்றார் தேவியம்மா. "சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அந்தக் கருப்பு எங்கே இருக்கிறாரோ, அவர் முன்னால் ஒருமுறை பொங்கல் வைத்து, இதோடு விட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். கூட்டிப் போவாயா?"

வருகிற வருடம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். நான் ஊர் திரும்பி, ஒட்டன்சத்திரத்தில் வெங்காய மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவர் டிக்கெட் எடுத்துவிட்டார்.

*

முதல் நாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அவரைத் தங்கவைத்தேன். பூப்போட்ட கவுன், தலையில் வெயிலுக்குத் தொப்பி. முகத்தைப் பார்த்தால் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் கிரியோல். ஆட்டோக்காரர்கள் தொப்பியைப் பார்த்து ஒரு வாடகை சொன்னார்கள், முகத்தைப் பார்த்து இன்னொன்று சொன்னார்கள்.

மத்தியானம் பிரியாணி. இலையைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு எங்கே என்று என்னிடம் கேட்டார். அவர்கள் ஊரில் பிரியாணிக்குள் பெரிய பெரிய துண்டாகக் கிழங்கு இருக்கும். நான் பரிமாறுகிறவரிடம் சொன்னேன்.

"பிரியாணில கிழங்கா?" என்று அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "கிழங்கு வேணும்னா நாளைக்குப் பூரிக்கு வாங்கம்மா."

அதை மொழிபெயர்த்ததும் தேவியம்மா தொப்பி விழும்படி சிரித்தார். அரிசி சின்னதாக இருக்கிறதே என்று ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்தார். பிறகு இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அவருடைய விரத வாரம் தொடங்கியிருந்தது. டீக்கடையில் "சீனி இல்லாம" என்று நான் சொன்னதும் டீ போடுகிறவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "சுகராக்கா? எங்க வீட்டுலயும் இருக்கு. பாகற்காய்ச் சாறு குடிங்க." அடுத்த கடையில் வெந்தயம் சொன்னார்கள். அதற்கடுத்த கடையில் ஒருவர் தன் காலைத் தூக்கிப் புண்ணைக் காட்டினார். இந்த ஊர் எவ்வளவு அன்பாக இருக்கிறது என்றார் தேவியம்மா.

இரண்டாம் நாள் ரெட்டியார்சத்திரம் பக்கம் போனோம். கருப்பு கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் சீமையில் கருப்பு இல்லாத ஊரே இல்லை. கிடாய் வெட்டுகிற கருப்பு, சுருட்டுக் குடிக்கிற கருப்பு, கதவுக்குள் இருக்கிற கருப்பு, கூரையே கூடாதென்று வெயிலில் நிற்கிற கருப்பு.

ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க, கருப்பைத் தேடறீங்களா? எந்தக் கருப்புங்க?"

"இனிப்பு ஆகாத கருப்புங்க."

"அப்படி ஒரு சாமி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, பாவமாகப் பார்த்து, எங்களை அடுத்த ஊர்வரை ஏற்றிக்கொண்டு போய் விட்டார்.

அங்கே ரோட்டில் புளி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னது இன்னும் மோசம். "எங்க கருப்புக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கலையின்னா மழையவே நிறுத்திப்புடுவாரு. இனிப்பு ஆகாத கருப்பாம்ல. அவருக்கும் சுகரா?"

தேவியம்மாவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் வழியெல்லாம் பாறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மொரீசியஸில் கரும்புக் காட்டுக்கு நடுவே கருங்கல் குவியல்கள் வீடு உயரத்துக்கு நிற்கும். நிலத்தில் கிடந்த கல்லையெல்லாம் கூலி ஆட்கள் கையால் பொறுக்கிக் குவித்தவை. இந்தியாவில் ஆள் பிடித்தவர்கள், அந்தத் தீவில் கல்லைப் புரட்டினால் அடியில் பொன் இருக்கும் என்று சொல்லித்தான் கப்பலேற்றினார்களாம். "கல்லைப் புரட்டியது மட்டும் உண்மை," என்றார். திண்டுக்கல் பாறைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. அது அவருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

*

மூன்றாம் நாள் சாணார்பட்டிக்கு அந்தப்பக்கம் போகிற ஒரு பஸ். சிறுமலை வலதுபக்கம் நீலமாகக் கூடவே வந்தது. பாதி வழியில் என்ஜினிலிருந்து ஒரு சத்தம், அப்புறம் புகை.

கண்டக்டர் படியில் நின்று, "அம்புட்டுத்தான். எல்லாரும் இறங்குங்க. பின்னாடி வண்டி வரும்," என்றார்.

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

சின்னப் பாலம் ஒன்று, அதைத் தாண்டி ஒரு டீக்கடை. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் அங்கே போய் நின்றோம். டீ வாங்கி ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை.

"அண்ணே, இவுகளுக்குத்தான் சீனி வேணாம்னேன். எனக்குப் போடுங்க."

கடைக்காரர் பெயர் சேகர். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தாமல் சொன்னார். "போட மாட்டோம் அப்பு. கருப்புக்குக் காப்புக் கட்டியாச்சு. பொங்கல் வைக்கிற வரைக்கும் இப்படித்தான். சீனி வேணும்னா பாலத்துக்கு அங்கிட்டுப் போயிக் குடி. இங்கிட்டு எல்லை."

"யாருக்குமே கிடையாதா?"

"வெளியூர்க்காரவுக வைவாக. வஞ்சிட்டுக் குடிப்பாக."

நான் தேவியம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கிளாஸை மெதுவாகப் பெஞ்சில் வைத்தார். மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்தார். சீனி இல்லாத டீ ஊருக்கு ஊர் மாறப்போவதில்லை. ஆனாலும் அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அழுதார்.

சேகர் பதறிப் போய், "சீனி இல்லேன்னா அழுவாகளா? செத்த நேரம் பொறுங்கக்கா, இஞ்சி தட்டிப் போட்டுத் தரேன்," என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் பூசாரிக்குப் போன் போட்டார். பூசாரி பெரியகருப்பன் வெண்டைக்காய்க் கூடை ஏற்றின லோடு வண்டியிலேயே வந்து இறங்கினார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். மார்க்கெட்டுக்குக் காய் ஓட்டுகிறவர், மாசியில் மட்டும் பூசாரி. கூடவே அவர் பங்காளி முத்தழகு என்று ஒருவர், காதில் துளசியோடு.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. தேவியம்மா சந்தோஷத்தில் பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த தேன் நிறச் சீனிப் பாக்கெட்டை இரண்டு கையாலும் பூசாரியிடம் நீட்டினார். அவர்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் கொடுப்பார்கள்.

பெரியகருப்பன் பின்னால் நகர்ந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஏலே, அதை முதல்ல பாலத்துக்கு அங்கிட்டுக் கொண்டுபோ!" என்று முத்தழகு என்னைப் பார்த்துக் கத்தினார்.

பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பாலத்தின் மறுபக்கம் எல்லைக்கல் ஒன்று. அதன் மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விட்டுப்போன சாக்லேட்டுகள், யாரோ கல்யாணத்திலிருந்து கொண்டுவந்த பாதி மைசூர்பாகு. பாக்கெட்டையும் அதில் வைத்து, உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது தேவியம்மா நீட்டின கைகளை இன்னும் மடக்காமல் நின்றார். தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியகருப்பன் கோபப்படவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"உக்காருங்க," என்றார். "சீனி ஏன் ஆகாதுன்னு சொல்றேன். பெறகு நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னது இதுதான். பஞ்ச காலம். இந்த ஊரில் அண்ணன், தம்பி இரண்டு பேர். கருப்பட்டிதான் அப்போது இனிப்பு. சீனியை யாரும் கண்ணில் பார்த்ததில்லை. ஆள் பிடிக்க வந்தவன் தம்பியின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியை வைத்து நக்கச் சொன்னான். இது விளைகிற நாட்டுக்குப் போகிறாயா என்றான். தம்பி போனான். போவதற்கு முன் கருப்பு முன்னால் அண்ணனும் தம்பியும் சத்தியம் செய்தார்கள். தம்பி திரும்பி வந்து, தன் கையால் சீனி போட்டுப் பொங்கல் வைக்கும்வரை மாசிக் காப்பு நாட்களில் கருப்புக்கும் இனிப்பு இல்லை, போகிற இடத்தில் அவனுக்கும் இல்லை, இங்கே இவர்களுக்கும் இல்லை.

"தம்பி பேரு?" என்றேன்.

"சங்கிலி."

தேவியம்மாவுக்கு அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

முத்தழகுதான் சிரித்தார். "சங்கிலிங்கிற பேரு இங்க வீட்டுக்கு ஒண்ணு. எங்க சங்கிலி போனது இலங்கைக்கு, கண்டிச்சீமைக்கு. இந்தம்மா எந்தத் தீவுல இருந்தோ வந்து நிக்கிது. தொப்பி போட்டவுக எல்லாம் வம்சம்னு வந்தா எப்படி?"

"கண்டின்னு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"கடல் தாண்டிப் போனவுக எல்லாம் அங்கதானப்பா போனாக."

"கண்டியில தேயிலைதானே? சீனி விளையிற நாடுன்னு சொன்னீங்களே."

பெரியகருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது நாயம்தான்," என்றார். "ஆனா நான் இவுகளச் சீனி போடச் சொல்லிட்டு, நாளைக்கு நெசமான வம்சம் சீனியோட வந்து நின்னா, அவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல? 'போட்டாச்சு, போங்க'ன்னா? இம்புட்டுத் தலமுறையாக் காத்துக் கெடந்தது அதுக்கா?"

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அதுவரைக்கும் நான் அவரைத் தடை சொல்கிற ஆளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொங்கலுக்கு வரச் சொல்லு. அவுக பானையை அவுகளே வைக்கட்டும், உப்புப் போட்டு. பொங்கல் வைக்கையில எங்க வீட்டுப் பொம்பளைக செய்யிற காரியம் ஒண்ணு இருக்கு. ஆம்பளைக வெளிய சொல்ல மாட்டோம். அது அவுகளுக்குத் தெரிஞ்சிருந்தா சீனியை நானே எடுத்துட்டு வாரேன். தெரியலையின்னா கும்பிட்டுட்டுப் போகட்டும். நீ ஒண்ணும் கேக்காத, அவுகளுக்கும் சொல்லிக் குடுக்காத."

எனக்கே தெரியாததை நான் என்ன சொல்லிக் கொடுப்பது. ஆனால் இப்படி ஒரு சோதனை இருப்பதைத் தேவியம்மாவிடம் சொன்னேன். என்ன காரியமாக இருக்கும் என்று அவர் லாட்ஜில் உட்கார்ந்து யோசித்தார். பானையில் மஞ்சள் கட்டுவதா, குலவை போடுவதா, கிழக்கே பார்த்துக் கும்பிடுவதா? "என் அம்மா செய்ததை மட்டும் செய்கிறேன்," என்று கடைசியில் சொன்னார். "தெரியாததைச் செய்து ஜெயித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?"

*

சிவராத்திரிக்கு மறுநாள் காலை. புளியமரத்தடியில் கருப்பு. சிலை என்று ஒன்றுமில்லை. மூன்று கல், ஒரு அரிவாள். மூன்று கல்லைப் பார்த்ததும் தேவியம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டினார்கள். பூசாரியின் மனைவி பாண்டியம்மாள் தன் அடுப்புக்குப் பக்கத்திலேயே இவருக்கும் இடம் விட்டிருந்தார். கட்டிக்கொள்ளப் புடவை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். தேவியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். அம்மா கவுனில்தான் பொங்கல் வைத்தாள், நானும் அப்படியே வைக்கிறேன் என்றார்.

"கவுனு போட்டுப் பொங்கல் வைக்கிற மகராசிய இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார் முத்தழகு.

"நீரு என்ன, வேட்டிக்கு மேல கரண்டு கம்பெனி சட்டை போட்டுக்கிட்டுத்தானே நிக்கிறீரு," என்று பாண்டியம்மாள் திரும்பாமலே சொன்னார். முத்தழகுக்கு மின்வாரியத்தில் வேலை.

ஆண்கள் தள்ளி நிற்க வேண்டும். நான் பெரியகருப்பனோடு நின்றேன். தண்ணீர் கொதித்தது. அரிசி போடும் நேரம் வந்தபோது அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராக அரிசி போட்டார்கள். போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பில் ஏதோ முடிந்தார்கள். அது என்ன என்று எனக்குத் தூரத்திலிருந்து தெரியவில்லை. தேவியம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து அரிசி போட்டார். எதையும் முடியவில்லை. முடிவதற்கு அவரிடம் தலைப்பும் இல்லை.

பாண்டியம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையசைத்தார்.

பெரியகருப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. கும்பிட்டுட்டுப் போகட்டும்," என்றார். முத்தழகு காதிலிருந்த துளசியை எடுத்துக் கையில் உருட்டினார். அவருக்கும் வேறு ஏதோ நடக்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும் போல.

தேவியம்மா இதைக் கவனிக்கவில்லை. உப்புப் போட்டார். விறகைத் தள்ளினார். எல்லாம் வலது கையால். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் விறகைத் தொட்டார், விறகை விட்டுவிட்டுத்தான் பானையைத் தொட்டார். கையில் சுட்டுக்கொண்டாரோ என்று எனக்குப் பயம். பானை பொங்கியது. குலவைச் சத்தம் எழுந்தது. பானையை இறக்க வேண்டும், ஒற்றைக் கையால் துணியைப் பிடித்துத் தடுமாறினார்.

"ரெண்டு கையாலயும் பிடிம்மா, கவுந்துரப் போகுது," என்று பாண்டியம்மாள் ஓடினார். ஓடிப்போய் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார். மூடியிருந்தது கை. "கையில என்னம்மா?"

தேவியம்மா கையைத் திறந்தார்.

ஒரு பிடி அரிசி. வியர்வையில் நனைந்து உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.

பாண்டியம்மாள் என்னைக் கூப்பிட்டார். "இது என்னன்னு கேளு. சீக்கிரம் கேளு."

கேட்டேன். பானையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துவிட வேண்டும் என்றார் தேவியம்மா. பொங்கல் இறங்கும்வரை கையைத் திறக்கக் கூடாது. எதற்கென்று தெரியாது. அம்மா செய்தாள். சின்ன வயதில் அவருக்குக் கை வலித்து அழுதால் அம்மா தன் கையால் மூடிப் பிடித்துக்கொள்வாளாம்.

பாண்டியம்மாள் தன் தலைப்பு முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து இழுத்தார். உள்ளே ஒரு பிடி அரிசி.

"திரும்பி வாரவனுக்குன்னு எடுத்து வைக்கிறது," என்றார். "நாங்க முந்தானையில முடியிறோம். கவுனுக்கு முந்தானைக்கு எங்க போவா? கையிலயே பிடிச்சிருக்கா பாரு. இம்புட்டுக் காலமும் கையிலயே பிடிச்சிருக்காளுக பாரு."

தன் அரிசியை அந்தத் திறந்த உள்ளங்கையில் கொட்டினார். இரண்டு அரிசியும் ஒன்றாகக் கிடந்தன. மற்றப் பெண்கள் எழுந்து வந்து, ஒவ்வொருவராகத் தங்கள் முடிச்சை அவிழ்த்து அதே கையில் போட்டார்கள். கை கொள்ளாமல் வழிந்தது. பாண்டியம்மாள் மடியை ஏந்தினார்.

பெரியகருப்பன் அங்கே இல்லை. பாலத்துக்கு ஓடிப்போயிருந்தார். எல்லைக்கல்லிலிருந்து பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, அதை ஊதிக்கொண்டே வந்தார். பானை போட்டு மூடியும் எறும்பு உள்ளே போயிருந்தது. "எறும்பு முந்திக்கிருச்சு," என்றார், சிரிப்பும் அழுகையுமாக.

மூன்று கல்லுக்கு முன்னால் பானையை வைத்தார்கள். தேவியம்மா பாக்கெட்டோடு நின்று பூசாரியைப் பார்த்தார்.

"போடு, தாயி," என்றார் பூசாரி. "போடு."

"உப்புப் போட்டிருக்கே," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"அது கெடக்கட்டும்."

போட்டார். தேன் நிறச் சீனி வெள்ளைப் பொங்கலின் மேல் விழுந்து, நனைந்து, கரைந்து உள்ளே இறங்கியது. லண்டனுக்கும் பாரிசுக்கும் என்று ஒருகாலத்தில் அவர் கை ஒட்டின அதே மாதிரிப் பாக்கெட்.

உப்பும் சீனியும் கலந்த பொங்கலை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. இனி சாப்பிடவும் ஆசையில்லை. முத்தழகு ஒரு வாய் வைத்து, முகத்தைச் சுளித்து, "கருப்பு இதுக்குத்தான் இம்புட்டு நாளாக் காத்துக் கெடந்தாரா? உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல," என்றார். சொல்லிவிட்டு இலையை மறுபடி நீட்டினார்.

கருப்பிடம் விடைபெற வந்ததாகவும், ஊரில் பொங்கலை நிறுத்தப்போவதாகவும் தேவியம்மா சொன்னதை நான் பூசாரிக்குச் சொன்னேன்.

"நிறுத்தட்டும். சத்தியம்தான் முடிஞ்சு போச்சே," என்றார். "ஆனா வைக்கணும்னு தோணுச்சுன்னா இனி இனிப்பாவே வைக்கச் சொல்லு. கையைத் திறந்தே வச்சுக்கிரலாம்."

அதை மொழிபெயர்த்தேன். தேவியம்மா இடது கையை விரித்து விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்காகச் சேகரின் கடையில் உட்கார்ந்திருந்தோம். பொங்கல் முடிந்ததால் சீனி டப்பா எல்லைக்கு அப்பாலிருந்து வந்து பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. சேகர் எனக்குக் கேட்காமலே போட்டார். தேவியம்மாவின் கிளாஸுக்கு மேல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, போடவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன்.

"போடு," என்றார் தேவியம்மா, தமிழில்.

சேகர் ஒரு கரண்டி போட்டார். தேவியம்மா கிளாஸை நகர்த்தவில்லை. இன்னொன்றும் போட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது, கண்டக்டர் விசில் அடித்தார். தேவியம்மா எழுந்திருக்கவில்லை. பஸ் போனதும், சூடு ஆறுமுன் குடித்து முடித்தார்.